அன்புவழிபுரத்துப் பழைய வீடா, நிலாவெளி வெறுங்காணியா? வாடகைக்கு விடுவதற்கென்று வாங்குகிறோம், ஆலோசனை தேவை

#1 சாம்பல்தீவான்

வணக்கம். தரகர்மாரிடம் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போனேன். எல்லா விலையும் "கடைசி விலை", எல்லாக் காணி உறுதிப் பத்திரமும் "சுத்தமான உறுதி". அதனால் இங்கே எழுதுகிறேன்.

நானும் மனைவியும் அரச உத்தியோகம். குடியிருக்கும் வீடு சொந்தம், கடன் இல்லை. தம்பலகாமத்தில் இருந்த வயலை விற்ற காசு கையில் இருக்கிறது. குறைகிற பங்கை ரொறன்ரோவில் இருக்கும் தங்கச்சி போடுவதாகச் சொல்கிறாள். மாத வருமானம் வருகிற மாதிரித் திருகோணமலைப் பக்கத்தில் ஒரு ஆதனம் வாங்க வேண்டும். உடனே விற்று லாபம் பார்க்கும் யோசனை இல்லை.

பார்த்து வைத்தது இரண்டு. முதலாவது அன்புவழிபுரத்தில் 12 பேர்ச் வளவும் பழைய ஓட்டு வீடும். முன்னால் விறாந்தை, மூன்று அறை, குசினி. பின்பக்கம் பிறகு ஒட்டிக் கட்டிய இரண்டு அறை, அதற்கு மேலே பிளாட், அதாவது கொங்கிறீற்றுத் தட்டுக் கூரை. ஒரு குடும்பம் மாதம் 40,000 ரூபாய்க்கு இருக்கிறது. கேட்கிற விலை 1 கோடி 20 லட்சம்.

இரண்டாவது நிலாவெளியில் 20 பேர்ச் வெறுங்காணி. கடலுக்கு 250 மீற்றர் என்று தரகர் சொன்னார், நடந்து பார்த்தால் அவ்வளவுதான் வரும். 85 லட்சம். நாலு அறை கட்டி வெள்ளைக்காரருக்குக் கொடுத்தால் சில சீசனில் போட்ட காசு திரும்பும் என்று விரல்விட்டுக் கணக்குக் காட்டுகிறார்.

மனைவி அன்புவழிபுரம் என்கிறா, தங்கச்சி நிலாவெளி என்கிறாள். நடுவில் நான்.

#2 மட்டிக்களி மச்சான்

தரகர் காட்டுகிற கணக்கில் மழை பெய்வதே இல்லை, கவனித்தீர்களா?

#3 உவர்மலை அண்ணை

தம்பி, காணியைப் பார்ப்பதற்கு முதல் அதில் யார் வந்து இருக்கப்போகிறார்கள் என்று பாருங்கள். நான் மூன்று அனெக்ஸ் (வீட்டோடு ஒட்டிய சிறு தனிப்பகுதி) வாடகைக்கு விட்டிருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

திருகோணமலை கிழக்கு மாகாணசபையின் தலைநகரம். மட்டக்களப்பு, அம்பாறை, கல்முனைப் பக்கத்து உத்தியோகத்தர்கள் இங்கே வந்துதான் ஆகவேண்டும். மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு டொக்டர்மார், தாதிமார். சீனன்குடாவில் பிறிமா மா ஆலையும் டோக்கியோ சீமெந்தும். கோணேசபுரியில் பல்கலைக்கழக வளாகப் பிள்ளைகள். இவர்கள் ஒவ்வொருவருக்கும் வேண்டியது வேறு. பிள்ளைகளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று அறை போதும். டொக்டர் குடும்பத்துக்குக் கார் நிறுத்த இடமும் மதிலும் கேற்றும் வேண்டும். தனியாக வருகிற உத்தியோகத்தருக்கு ஒரு அறை, பக்கத்திலேயே குளியலறை, தேத்தண்ணி போட ஒரு மூலை. அந்தாள் வெள்ளி பின்னேரம் பஸ் ஏறினால் திங்கள் காலைதான் வருவார். வீடு தேய்வது குறைவு, வாடகை சம்பளத்தோடு வந்துவிடும்.

அன்புவழிபுரத்தில் இருந்து கன்னியா வீதியில் வரோதயநகர்ப் பக்கம் உள்ள மாகாண அலுவலகங்களுக்கு மோட்டார் சைக்கிளில் போவது ஒரு பெரிய விஷயமில்லை. அதுதான் அந்த வீட்டின் பெறுமதி. ஓட்டுக்கும் சுவருக்கும் நான் காசு கொடுக்க மாட்டேன்.

இன்னொன்று. வருடாந்த இடமாற்றம் பெரும்பாலும் தை மாதத்தில்தான் நடைமுறைக்கு வரும். மார்கழி நடுவில் இருந்து ஆட்கள் வீடு தேடி அலைவார்கள். அப்போது வீடு பூட்டிக்கொண்டும் பெயின்ற் மணத்தோடும் கிடந்தால் அந்த வருடத்து நல்ல ஆளை விட்டுவிட்டோம் என்று அர்த்தம். பங்குனியில் வந்து கேட்கிறவர் ஏன் இவ்வளவு நாளும் வீடில்லாமல் இருந்தார் என்று கொஞ்சம் விசாரிக்கத்தான் வேண்டும்.

#4 நொத்தாரிசின் மகள்

விலை பேசுவதற்கு முன் கடதாசியைப் பாருங்கள். இரண்டு இடத்துக்கும் இரண்டு விதமான ஆபத்து.

நிலாவெளி: அந்தக் காணி உறுதிக் காணியா, அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் காணியா? குச்சவெளிப் பிரதேச செயலகப் பிரிவில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒரு ரூபாய் அட்வான்ஸ் கூடக் கொடுக்கக்கூடாது. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரமோ அளிப்புப் பத்திரமோ என்றால், பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. சமாதான நீதவான் கையெழுத்துப் போட்ட சத்தியக் கடதாசியைக் காட்டி "எல்லாரும் இப்படித்தான் வாங்குகிறார்கள்" என்பார்கள். வாங்குகிறார்கள்தான். அதற்கு வங்கி ஒரு சதம் கடன் தராது, நாளைக்கு அனுமதிப்பத்திரக்காரரின் பிள்ளை வந்து கேட்டால் உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

"நாங்கள் பத்து வருடத்துக்கு மேல் ஆட்சி, அதனால் உரித்து எங்களுக்கு" என்று சொல்லி விற்பவர்களும் இருக்கிறார்கள். பத்து வருட ஆட்சி என்பது பொது விதி. ஆனால் 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை யுத்தத்தால் தன் காணிக்கு வரமுடியாமல் போனவருக்கு எதிராக அந்தக் காலத்தை எண்ண முடியாது. இடம்பெயர்ந்தவர்களின் காணி நிறைய உள்ள எங்கள் மாவட்டத்தில் இது சின்ன விஷயமில்லை.

250 மீற்றர் என்பதும் கவனிக்க வேண்டியது. உயர் அலைக்கோட்டில் இருந்து 300 மீற்றர் வரை கரையோர வலயம். கட்டுவதற்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். பக்கத்தில் வனம், தொல்லியல் திணைக்களங்களின் எல்லைக்கல் ஏதும் இருக்கிறதா என்றும் கிராம அலுவலரிடம் கேளுங்கள்.

அன்புவழிபுரம்: உறுதியின் கடைசிப் பக்கம்வரை வாசியுங்கள். சீதன உறுதி, நன்கொடை உறுதி என்றால் பெற்றோர் தங்களுக்குச் சீவிய உரித்தை ஒதுக்கி வைத்திருப்பார்கள். அந்த வரியைக் கவனிக்காமல் மகளிடம் வாங்கினால், தாய் உயிரோடு இருக்கும்வரை வாடகை எடுக்கும் உரிமை தாய்க்குத்தான். தாயும் சேர்ந்து கையெழுத்து வைக்க வேண்டும். விற்பவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த, திருமணமான பெண் என்றால் கணவரின் சம்மதக் கையெழுத்தையும் உறுதி எழுதும் நொத்தாரிசு கேட்பார், ஆச்சரியப்படாதீர்கள். காணிப் பதிவகத்தில் முப்பது வருடத்துக்காவது பின்னோக்கித் தேடுங்கள், ஈடு (அடமானம்) ஏதும் தீர்க்கப்படாமல் கிடக்கிறதா என்று தெரியவரும்.

அப்புறம், குடியிருக்கும் குடும்பம். எந்த வருடத்தில் இருந்து இருக்கிறார்கள்? 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் பழைய வீடுகளில் இருப்பவர்களுக்கு நல்ல பாதுகாப்புக் கொடுக்கிறது. வீடு எப்போது கட்டியது, எப்போது முதலில் வாடகைக்கு விட்டது என்பதைப் பொறுத்து இது மாறும். விற்பவர் "அவர்கள் எழும்பிவிடுவார்கள்" என்று வாயால் சொல்வதை நம்பி உறுதி எழுத வேண்டாம்.

#5 இறக்கக்கண்டி லொட்ஜ்

எல்லாரும் நிலாவெளியைப் போட்டு அடிக்கிறீர்கள். நான் அங்கேதான் ஆறு அறை வைத்து நடத்துகிறேன். நல்ல காலத்தில் ஒரு மாதத்தில் வருவது, ஊருக்குள் ஒரு வீட்டுக்கு அரை வருட வாடகை.

ஆனால் நல்ல காலம் என்பது மே முதல் செப்டெம்பர் வரை. வாடைக் காற்றோடு மழை தொடங்கினால் தை வரைக்கும் போய்ஸ் சம்பளமும் கரண்ட் பில்லும் கையில் இருந்துதான். 2019இல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு, 2020இல் கொரோனா, 2022இல் பெற்றோல் வரிசை. அடுத்தடுத்து வந்தது. அந்த நாட்களில் வங்கிக் கடனோடு இருந்த பலர் அறைகளை மூடினார்கள்.

எங்களைக் காப்பாற்றியது உள்ளூர்க் குடும்பங்கள். நீண்ட விடுமுறை வந்தால் கண்டி, கொழும்புப் பக்கம் இருந்து வானில் பத்துப் பன்னிரண்டு பேராக வருவார்கள். புறாமலைக்குப் படகு, கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர், இரவுக்குத் தாங்களே சமைக்க ஒரு இடம். அதற்குத் தகுந்த மாதிரிப் பெரிய குசினியும் திறந்த கொட்டிலும் கட்டினேன். வெள்ளைக்காரரை மட்டும் நம்பிக் கட்டியவர்கள் திண்டாடினார்கள்.

புக்கிங் தளங்களுக்குக் கமிஷன் போகும், பதினைந்து வீதமளவில். சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிய வேண்டும். முக்கியமானது, ஆள் அங்கேயே நிற்க வேண்டும். இரவு பதினொரு மணிக்கு மோட்டர் வேலை செய்யாவிட்டால் யார் போவது? நீங்களும் மனைவியும் காலையில் கந்தோருக்குப் போகிறவர்கள் என்றால் இது உங்களுக்கு ஒரு ஆதனம் இல்லை, இரண்டாவது உத்தியோகம். அதைச் செய்ய ஆசை இருந்தால் வாருங்கள், பக்கத்துக் கடைக்காரராக வரவேற்கிறேன்.

#6 சாம்பல்தீவான்

நன்றி அண்ணை. எனக்கு அந்த ஆசை இல்லை என்பது இதை வாசிக்கும்போதே தெரிகிறது. தங்கச்சிக்கும் லிங்கை அனுப்பியிருக்கிறேன். பழைய வீட்டின் கட்டட நிலையை எப்படிப் பார்ப்பது என்று யாராவது சொல்ல முடியுமா?

#7 சல்லி மணல் சீமெந்து

ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர். சம்பளம் வாங்காமல் சொல்கிறேன், கேளுங்கள்.

அந்த வீட்டில் பயப்பட வேண்டியது ஓட்டுக்கு இல்லை, பின்னால் இருக்கிற பிளாட்டுக்கு. ஓடு கழன்றால் மாற்றலாம். ஓட்டைத் தாங்கும் சிலாகையைக் கறையான் தின்றிருந்தால் அதையும் மாற்றலாம். கத்தி நுனியால் வளையையும் சிலாகையையும் குத்திப் பாருங்கள், உள்ளே போனால் மரம் முடிந்தது. சுவர் ஓரம் மண் கோடு ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிளாட்டுக்கு வருவோம். எங்கள் ஊரில் உப்புக் காற்று மட்டுமில்லை, ஒரு காலத்தில் கட்டியவர்கள் கடல் மணலைக் கழுவாமல் கலந்த வேலையும் இருக்கிறது. உப்பு உள்ளே இருந்தால் கம்பி துருப்பிடிக்கும், துருப்பிடித்த கம்பி பருக்கும், பருத்தால் கொங்கிறீற்றைத் தள்ளி உடைக்கும். அறைக்குள் நின்று நிமிர்ந்து பாருங்கள். கம்பி ஓடும் நேருக்கு மண்ணிறக் கோடுகள் தெரிகிறதா? புதிதாகச் சாந்து பூசிய திட்டு ஏதும் இருக்கிறதா? ஒரு சின்னச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் கணீரென்று கேட்கும், கழன்ற இடம் பொத்தென்று கேட்கும். ஒன்றிரண்டு இடம் என்றால் கொத்தி, துருவைச் சுரண்டி, கம்பிக்குப் பூச்சு அடித்துத் திரும்பப் பூசலாம். பாதிக்கு மேல் பொத்தென்றால் பிளாட்டை இறக்கிவிட்டுக் கூரை போடுவதுதான் மலிவு. அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

ஓட்டைக் கழற்றிக் கூரைச் சீற் போடுங்கள் என்று மேசன் பாஸ்மார் சொல்வார்கள், வேலை சுகம் என்பதால். ஆடி, ஆவணியில் கச்சான் காற்று அடிக்கும்போது சீற் வீட்டுக்குள் பகலில் இருக்க முடியாது. வாடகைக்கு இருப்பவர் ஏசி போடுவார், பழைய வயர் தாங்காது. ஓடு இருக்கட்டும். 2020 மார்கழியில் புரெவிப் புயல் வந்தபோதுகூட ஒழுங்காகக் கட்டிய ஓட்டுக் கூரைகள் நின்றன. பீலியையும் ஓரத்து ஓட்டையும் மட்டும் இறுக்கி வையுங்கள்.

வயரிங்கை முழுதாக மாற்றுங்கள், ட்ரிப் சுவிச்சோடு. பாதியை மாற்றுவது வேலையில்லை.

தண்ணீர்: குழாய்த் தண்ணீர் கந்தளாய்க் குளத்தில் இருந்து வருகிறது, அழுத்தம் எப்போதும் ஒரேமாதிரி இராது. நிலத்தடித் தொட்டியும் மேல் தாங்கியும் இல்லாமல் இரண்டு குடும்பத்துக்குக் கொடுக்க முடியாது. கிணறு இருந்தால் ஆவணியில் அந்தத் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள், மாரியில் எல்லாக் கிணறும் இனிக்கும். மலக்குழிக்கும் கிணற்றுக்கும் ஐம்பது அடி இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். பக்கத்து வளவுக்காரரின் குழியையும் சேர்த்து.

#8 மட்டக்களப்பான்

வாடகைக்கு இருக்கிற பக்கத்தில் இருந்து ஒரு குரல். நான் இடமாற்றத்தில் வந்தவன், வெள்ளிக்கிழமை பஸ் ஏறுகிற ஆள் என்று அண்ணை சொன்ன அதே ஆள்தான்.

இந்த ஊரில் வீடு தேடினால் முதல் கேள்வி எந்த ஊர், என்ன ஆட்கள். இரண்டாவது, மச்சம் (மீன், இறைச்சி) சமைப்பீர்களா. மூன்றாவது, ஒரு வருட அட்வான்ஸ் தருவீர்களா. குளியலறைக் கதவு பூட்டுமா என்று நாங்கள் கேட்டால் மட்டும் அது பெரிய கேள்வி. ஒரு இடத்தில் வீட்டுக்காரரின் மீற்றரில் இருந்துதான் எனக்குக் கரண்ட். மாதக் கடைசியில் ஒரு துண்டுக் கடதாசியில் தொகை எழுதித் தருவார், எப்படி வந்தது என்று கேட்டால் முகம் மாறும். கரண்ட் பில் அலகு கூடக்கூட விலையும் ஏறும் முறை. அவர்களின் பாவனைக்கு மேலே என்னுடையதும் சேர்ந்தால் உச்ச விலை முழுக்க என் தலையில்.

நான் வாடகை கொஞ்சம் கூடக் கொடுக்கத் தயார். கேட்பது தனி வாசல், தனி மீற்றர், ஜன்னலுக்கு நுளம்பு வலை, ஒரு கட்டில், மேசை, மின்விசிறி. சொல்லாமல் உள்ளே வந்து பார்க்காத வீட்டுக்காரர். இவ்வளவுதான்.

#9 உவர்மலை அண்ணை

மட்டக்களப்பார் சொல்வது சரி. ஊர், ஆட்கள் பார்த்து வீடு கொடுக்கிற பழக்கத்தால் நட்டம் எங்களுக்குத்தான். என் அனெக்ஸ் ஒன்றில் கிண்ணியா ஆசிரியர் ஒருவர் நெடுநாள் இருந்தார், ஒரு மாதம் கூட வாடகை பிந்தியதில்லை. போகும்போது தன் இடத்துக்கு வருகிறவரையும் அவரே கூட்டிக்கொண்டு வந்தார். தரகருக்குக் கொடுக்கிற ஒரு மாத வாடகை மிச்சம்.

அட்வான்ஸ் பற்றி: மூன்று மாதம் போதும். ஒரு வருடம் கேட்டால் நல்ல ஆள் பயந்து போய்விடுவார். கையில் காசு புழங்குகிற, ஆனால் மாதா மாதம் கொடுக்க மனமில்லாத ஆள் மட்டும் மிஞ்சுவார்.

#10 ரொறன்ரோத் தங்கச்சி

வணக்கம், அண்ணா சொன்ன தங்கச்சி நான்தான். நிலாவெளி ஆசை போய்விட்டது, சந்தோஷமா அண்ணா? கேள்வி இதுதான்: நான் பாதிக் காசு போடுகிறேன். என் பெயரும் உறுதியில் வரமுடியாதா? நான் கனேடியப் பிரஜை, இரட்டைக் குடியுரிமை இன்னும் எடுக்கவில்லை. அண்ணாவை நம்பாமல் கேட்கவில்லை. நாளைக்கு எங்கள் இருவரின் பிள்ளைகளும் முகம் பார்க்க வேண்டும், அதற்காகக் கேட்கிறேன்.

#11 நொத்தாரிசின் மகள்

தங்கச்சி, வெளிப்படையாகக் கேட்டது நல்லது. இதைக் கேட்காமல் விட்ட குடும்பங்களின் வழக்குகள் எத்தனையோ.

2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தின்படி வெளிநாட்டுப் பிரஜைக்குக் காணியை அறுதியாக எழுத முடியாது. தொடர்மாடி வீடு போன்ற சில விலக்குகள் உண்டு, இங்கே அது பொருந்தாது. பெற்றோரின் சொத்து வாரிசாக வருவதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கும் தடை இல்லை. ஆகவே நேரான வழி, முதலில் இரட்டைக் குடியுரிமை எடுங்கள், பிறகு இருவர் பெயரிலும் பாதிப் பாதியாக எழுதுங்கள்.

அதுவரை வீடு விலைபோகாமல் நிற்காது என்றால், அண்ணா பெயரில் வாங்கிவிட்டு நீங்கள் கொடுப்பது கடனா, அன்பளிப்பா என்று எழுத்தில் வையுங்கள். காசை வங்கி மூலம் அனுப்புங்கள், பற்றுச்சீட்டுகளைக் கவனமாக வைத்திருங்கள். "பெயர் மட்டும் அவனுக்கு, உள்ளுக்குள் எனக்கு" என்கிற ஏற்பாடு வேண்டாம், அதை நீதிமன்றத்தில் நிரூபிக்க உங்கள் ஆயுளில் பாதி போகும். பிறகு இருவர் பெயரிலும் வாங்கும் கட்டத்தில் நேரில் வரமுடியாவிட்டால் அற்றோணித் தத்துவம் (உங்களுக்காகக் கையெழுத்து வைக்க ஒருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) கொடுக்கலாம். அதை இங்கே பதிவுசெய்தால்தான் செல்லும். "எல்லாம் செய்யலாம்" என்று பொதுவாக எழுதாமல், இந்த வீட்டை வாங்குவதற்கு மட்டும் என்று வரையறுத்து எழுதுங்கள்.

வாடகை ஒப்பந்தம் பற்றியும் ஒரு வரி. முத்திரை ஒட்டிய தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும் என்று ஊரில் நினைக்கிறார்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும், 1840இல் இருந்தே அதுதான் சட்டம். 2023இல் வந்த, குத்தகைக்குக் கொடுத்த இடத்தின் உடைமையை விரைவாக மீட்கும் சட்டத்தின் பலனும் அப்படி எழுதினால்தான் கிடைக்கும். நொத்தாரிசுக் கூலியைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள்.

#12 கணக்கப்பிள்ளை

இவ்வளவு நேரம் யாரும் கணக்கே போடவில்லையே!

1 கோடி 20 லட்சத்துக்கு வாங்கினால் முத்திரைத் தீர்வை முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 3,000 உம் 4,76,000 உம் சேர்த்து 4,79,000 ரூபாய். மாதம் 40,000 என்றால் வருட வாடகை 4,80,000. முதல் வருட வாடகை முழுக்க முத்திரைக்கே போகிறது. நொத்தாரிசுக் கூலி இன்னும் சேரவில்லை.

இரண்டாம் வருடத்தில் இருந்து 4 வீதம். ஒரு மாதம் வீடு சும்மா கிடந்தால், மோட்டர் ஒன்று எரிந்தால், சபைக்கு ஆதன வரி கட்டினால் அதுவும் இல்லை. நிலையான வைப்பு வட்டி 2022இல் 20 வீதத்தைத் தாண்டியது, இப்போது ஒற்றை இலக்கத்தில் நிற்கிறது. அப்படியிருந்தும் இந்த 4 வீதத்தைவிட வங்கி கூடத் தரும், ராத்திரி யாரும் பைப் ஒழுகுது என்று போன் பண்ண மாட்டார்கள்.

இனி இதைப் பாருங்கள். பின்னால் இருக்கும் இரண்டு அறையையும் பிரித்து, தனி வாசல், குளியலறை, சின்னக் குசினி, தனி மீற்றர். பிளாட் திருத்தத்தோடு 12 லட்சம் முடியும் என்று வையுங்கள். முன்வீடு சிறிதாவதால் 35,000, பின்பகுதி 25,000. மொத்தம் 60,000. அதாவது 12 லட்சம் போட்டு வருடத்துக்கு 2,40,000 கூடுகிறது, 20 வீதம்! முழு முதலுக்கும் சேர்த்துப் பார்த்தால் ஐந்தரை வீதத்துக்குக் கிட்ட வரும். ஆகவே இந்த வீட்டை இருக்கிற மாதிரியே வாங்கி இருக்கிற மாதிரியே விடுவதாக இருந்தால் வாங்க வேண்டாம். பிரிக்க முடிந்தால் மட்டும் வாங்குங்கள்.

வருமான வரியும் இருக்கிறது. வாடகை வருமானத்தில் 25 வீதத்தைத் திருத்தம், தேய்மானத்துக்கென்று கழித்துக்கொள்ளலாம், பற்றுச்சீட்டு இல்லாவிட்டாலும். மிச்சம் உங்கள் சம்பளத்தோடு சேரும். 2025 ஏப்ரல் தொடக்கம் வருடத்துக்கு 18 லட்சம் வரை விலக்கு. சம்பளம் அதைத் தாண்டாவிட்டால் பாரம் அதிகமில்லை. மனைவியின் சம்பளம் உங்களுடையதைவிடக் குறைவென்றால் யார் பெயரில் வாங்குவது என்பதையும் ஒருக்கால் யோசியுங்கள்.

#13 மட்டிக்களி மச்சான்

மனைவி பெயரில் வாங்கச் சொன்ன கணக்கப்பிள்ளைக்கு என் மனைவி லைக் போட்டிருக்கிறா.

#14 சாம்பல்தீவான்

சில கிழமை கழித்து எழுதுகிறேன். நிலாவெளி அனுமதிப்பத்திரக் காணிதான். பிரதேச செயலகத்தில் கேட்டபோதே தெரிந்துவிட்டது. தரகரிடம் சொன்னேன், "அது ஒரு பிரச்சினையே இல்லை" என்றார். அதோடு அந்த இலக்கத்தை எடுப்பதில்லை.

அன்புவழிபுரம் நன்கொடை உறுதி, தாயின் சீவிய உரித்து அப்படியே இருக்கிறது. விற்பவருக்கே அந்த வரி நினைவில் இல்லை. அம்மாவும் வந்து கையெழுத்து வைப்பதாகச் சொல்லிவிட்டா. சல்லி மணல் ஐயா சொன்ன மாதிரிச் சுத்தியலோடு போனேன். பின் அறை இரண்டில் ஒன்று முழுக்கக் கணீரென்றது. மற்றதில் குளியலறைப் பக்கத்து மூலையில் ஒரு பாய் விரிக்கிற அளவுக்குப் பொத்தென்றது, தட்டும்போதே ஒரு துண்டு கழன்று விழுந்து கம்பி தெரிந்தது, விரலால் தொட்டால் செதில் செதிலாக வருகிறது. விற்பவரும் பக்கத்தில் நின்று பார்த்தார். 1 கோடி 12 லட்சத்துக்கு இறங்கினார்.

குடியிருக்கும் குடும்பம் நல்ல ஆட்கள். பிள்ளைகள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள், முன்பகுதி மட்டும் போதும் என்கிறார்கள். நொத்தாரிசு மூலம் புது ஒப்பந்தம் எழுதச் சம்மதம். எழுப்ப வேண்டிய தேவை இல்லை. தங்கச்சி இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பம் போடுகிறாள். இப்போதைக்கு என் பெயரில், அவளின் பங்கு கடனாக எழுத்தில்.

இனிப் பின்பகுதி வேலை. எதை முதலில் தொடங்குவது?

#15 சல்லி மணல் சீமெந்து

துருக் கம்பி, பிறகு பிளாட்டின் மேற்பக்கம் நீர்க்காப்பு, பிறகு குளியலறைப் பைப், பிறகு வயரிங். டைல்ஸ் எல்லாம் கடைசி. பிளாட்டின் மேல் தண்ணீர் தேங்குகிற இடத்தை ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்துச் சோக்கட்டியால் அடையாளம் போட்டு வையுங்கள், நீரோட்டம் சரிசெய்யாமல் எந்தப் பூச்சு அடித்தும் பயனில்லை. உள் சுவருக்குப் பெயின்ற் மாரி முடியும்வரை வேண்டாம். ஒழுக்கு இருந்தால் வெளுத்த சுவரில் தெரியும், புதுப் பெயின்றில் அது மூடிக்கொண்டு கிடக்கும்.

பின்பகுதிக்கு ஜன்னல் அலுமினியம் போடுங்கள். இரும்புக் கிறில் என்றால் வருடத்துக்கு வருடம் துருப் பெயின்ற் அடிக்க வேண்டி வரும்.

#16 உவர்மலை அண்ணை

சபையில் பின்பகுதிக்குத் தனி ஆதன இலக்கம் கேட்டு இப்போதே விண்ணப்பியுங்கள். அது கையில் இருந்தால் மின்சாரக் கந்தோரில் இரண்டாவது மீற்றர் எடுக்கிற வேலை சுலபம். இந்த இரண்டுக்கும் அலைகிற காலத்தில் மேசன் வேலை முடிந்துவிடும். சபையின் கட்டட அனுமதியையும் மறக்க வேண்டாம். வாசல் ஒன்று புதிதாக வைத்தாலும் கேட்பார்கள்.

#17 மட்டக்களப்பான்

தம்பி சாம்பல்தீவான், அந்தப் பின்பகுதி 25,000தானா? தை மாதத்தில் முடியுமா?

#18 சாம்பல்தீவான்

மீற்றர் வந்தால் தை. வராவிட்டால் மாசி. நுளம்பு வலை நிச்சயம் உண்டு, மச்சமும் சமைக்கலாம். உள்பெட்டிக்கு இலக்கத்தை அனுப்புங்கள் அண்ணை.